கோழி எண்ணிய சிறுமி

இளம் வயதிலேயே அறிவு மிக்க ஒரு குழந்தையைக் கதையில் படைப்பது எளிய செயலன்று. நம் பழைய மரபில் அத்தகைய குழந்தை அருள் பெற்ற குழந்தை. ஞானப்பால் உண்ட சம்பந்தர் மூன்று வயதில் பாடினார் என்றால் ஏன், எப்படி என்று கேட்பாரில்லை. கல்வி புகட்டுவதற்கென எடுக்கப்படும் கார்ட்டூன் தொடருக்கு அவ்வுரிமை இல்லை. அறிவு எவ்வழியில் வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதை அது காட்டியாக வேண்டும். இல்லையேல், 'அவள் கெட்டிக்காரி. நான் அப்படியில்லை' என்று பார்க்கும் குழந்தை எழுந்து போய்விடும்.

இவ்வகையில் நாம் ஆராயத் தக்கது 'மீனா' தொடர். 1991 முதல் 2000 வரையிலான ஆண்டுகளைச் சார்க் நாடுகள் பெண் குழந்தைக்குரிய பத்தாண்டாக அறிவித்த காலத்தில், வங்கதேசத்து யூனிசெப் அலுவலகம் தொடங்கிய முயற்சி அது. மீனாவுக்கு உருவம் தந்தவர் பம்பாயில் பணியாற்றிய ராம் மோகன். 1956-இல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் தொழிலைத் தொடங்கியவர். வங்கதேசம், இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகளின் மக்களிடம் படங்களைக் காட்டிக் கருத்தறிந்த பின்னரே அவளுடைய தோற்றமும் உடையும் முடிவு செய்யப்பட்டன.

முதற்கதையில் தம்பி ராஜு பள்ளிக்குச் செல்கிறான். மீனா வீட்டு வேலைக்கு நிற்கிறாள். தன் கிளி மிட்டுவை அவள் பள்ளிக்கு அனுப்புகிறாள். கிளி பாடத்தைக் கேட்டு வந்து ஒப்பிக்க, இவள் எண்ணக் கற்கிறாள். கற்ற கணக்கைக் கோழிகளிடம் செலுத்திப் பார்க்கிறாள். ஒன்று குறைகிறது! திருடன் அகப்படுகிறான்.

இங்கே படைத்தவரின் நுட்பத்தைக் காண்க. பாடத்தை முதலில் பெற்றது கிளியே; ஆயின் கிளிக்கு அது வெறும் ஒலி. கோழிக்கூட்டுக்கு முன் நின்று அவ்வொலியைக் கணக்காக்கியவள் மீனா. அறிவு என்பது யாதென ஒரு சொல்லும் கூறாமல் காட்டிவிட்டார்கள். (சங்க ஆண்டு விழாக்களில் பொருளறியாமல் செய்யுளை ஒப்பிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும், கைதட்டும் நாமும் இவ்விடத்தைச் சற்று நின்று பார்க்கலாம்.) சுகாதாரம், வரதட்சிணை, இளமை மணம் எனப் பின்னர் வந்த கதைகள் பலவற்றில் இந்நயம் குறைந்துவிட்டது. அங்கே மீனா எல்லாம் அறிந்தவளாகவே வருகிறாள். பிறருக்கு எடுத்துரைப்பதே அவள் வேலையாகிறது.

முதற்கதையிலேயே நமக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. கோழி திரும்பியதால் தந்தை மனம் மாறுகிறார். மகள் பள்ளிக்குப் போகிறாள். அப்படியாயின், எண்ணத் தெரியாத மந்தமான ஒரு மீனாவுக்குப் பள்ளி இல்லையா? ராஜு எந்தத் திருடனையும் பிடித்துக் காட்டவில்லையே. அவன் ஆண் என்பதே தகுதியாயிற்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எக்குழந்தையிடமும் கெட்டிக்காரத்தனத்துக்குச் சான்று கேட்கவில்லை. கதையோ கேட்கிறது. மகளின் படிப்பால் வரும் இலாபத்தைக் காட்டித்தான் தந்தையரை இணங்கவைக்க முடியும் என அன்று எண்ணினர் போலும். பிரசாரத்துக்கு அது உதவியிருக்கலாம். பாத்திரத்துக்கு அது ஒரு சுமை.

இதே தொடரில் மாம்பழக் கதை அச்சுமையை இறக்கி வைக்கிறது. பழத்தைப் பங்கிடுகையில் ராஜுவுக்குப் பெரிய துண்டு, மீனாவுக்குச் சிறியது. ஆண் பிள்ளை அதிகம் உழைக்கிறான் என்பது வீட்டார் சொல்லும் நியாயம். ஒரு நாள் இருவரும் தத்தம் வேலையை மாற்றிக்கொள்கின்றனர். மாலைக்குள் ராஜு சோர்ந்து போகிறான். இங்கே மீனா எண்ணிக் காட்டவும் இல்லை, எவரையும் பிடித்துக் கொடுக்கவும் இல்லை. அவளுக்கும் பசிக்கிறது, அவ்வளவே.