செம்பில் எழுத்து, மெழுகில் உருவம்: திருவாலங்காட்டை முன்வைத்துக் கலைக்கல்வி பற்றிச் சில சிந்தனைகள்

கலைக் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் நம்மைப் போன்ற அரபிக் கல்லூரி ஆசிரியர்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: உருவம் வரைதல் ஆகுமா, ஆகாதா? கேள்வி நியாயமானது. ஃபிக்ஹு நூல்கள் அதனை விரிவாகவே ஆராய்ந்துள்ளன. அவ்வாய்வை இங்கு மீண்டும் நிகழ்த்துவது நம் நோக்கமன்று. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது, அக்கேள்வி கலையை முதலில் உருவம் என்ற ஒன்றாகச் சுருக்கிவிட்டு, அதன் பின்னரே தீர்ப்பைத் தேடுகிறது என்பதைத்தான். கலைக்கூடத்தில் நுழையும் தொடக்க மாணவன் முதற்கண் எதிர்கொள்வது பொருளை. களிமண் எவ்வளவு ஈரத்தில் வளையும், எந்த வேகத்தில் உலர்ந்தால் வெடிக்கும், மரத்தின் இழை எத்திசையில் உளிக்கு வழிவிடும், செம்புத் தகடு எத்தனை அடிக்குப் பின் இறுகி மீண்டும் நெருப்பைக் கேட்கும் என்பனவே அவனுடைய அரிச்சுவடி. இவ்வரிச்சுவடியைப் பற்றி நம் சமுதாயத்தில் எவரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

அதனைப் படிப்பதற்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிப் பகுதியில், சென்னை - அரக்கோணம் இருப்புப் பாதையில் ஒரு நிலையமாக அறியப்படும் திருவாலங்காடு போதும். சைவ இலக்கியம் பயின்றோர் அவ்வூரைக் காரைக்கால் அம்மையாரோடு சேர்த்து நினைவுகூர்வர். நமக்கு அது இரு கைவேலைகளின் பெயர். ஒன்று, 1905-ஆம் ஆண்டில் வெளிப்பட்ட செப்பேடுகள். பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு இராசேந்திர சோழன் தனது 6-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 1018-இல், வழங்கிய கொடையை அவை கூறுகின்றன. மொத்தம் 31 ஏடுகள். வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்திலுமாகப் பொறிக்கப்பட்டு, முத்திரையோடு கூடிய ஒரு வளையத்தில் கோக்கப்பட்டவை. மற்றொன்று, அவ்வூரிலிருந்து பெறப்பட்ட, சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி. இரண்டும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. வரலாற்றாசிரியர்கள் முன்னதில் சோழரின் வம்சாவளியைத் தேடினர். கலை வரலாற்றாசிரியர்கள் பின்னதில் தத்துவத்தைத் தேடினர். வணங்குவோர்க்கு அத்திருமேனி வழிபாட்டுக்குரியது. அதனை மதிக்கும் அளவோடு நிறுத்திக்கொண்டு, இவ்விரண்டையும் கைத்தொழில் பயிலும் மாணவனின் கண்கொண்டு பார்ப்போம்.

செம்பே இரண்டிற்கும் மூலப்பொருள். திருமேனியில் வேறு உலோகங்களும் சிறிதளவு கலந்திருக்கும். மற்றபடி அடிப்படை ஒன்றே. ஆயினும் ஏட்டைச் செய்தவன் கற்ற பாடமும் திருமேனியைச் செய்தவன் கற்ற பாடமும் வேறு வேறு. ஏட்டுக்குச் செம்பை அடித்துத் தகடாக்க வேண்டும். அடிக்க அடிக்க அது விறைக்கும். நெருப்பிலிட்டு இளக்கி மீண்டும் அடிக்க வேண்டும். பின்னர் உளியின் கூர்முனை தகட்டை அகழ்ந்து செல்கிறது. ஓலையில் எழுத்தாணி வழுக்கிச் செல்வது போலச் செம்பில் உளி செல்லாது. ஒவ்வொரு வளைவும் சிறு சிறு தள்ளல்களின் தொகுப்பு. அகழ்ந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட இயலாது. பிழை நேர்ந்தால் அவ்விடத்தை அடித்துச் சமன்செய்து அதன் மேலேயே மீண்டும் வெட்ட வேண்டும். பழைய எழுத்தின் சாயல் அடியில் தங்கிவிடும். செப்பேடுகளைப் படிப்போர் இத்தகைய திருத்தங்களை அடிக்கடி காண்கின்றனர்.

வார்ப்புக்காரனின் வேலை மெழுகில் தொடங்குகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த அக்கலவை கைச்சூட்டில் இளகும், நீரில் இறுகும். கூட்டலாம், குறைக்கலாம், வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம். உறுப்புகளின் அளவுகளைத் தென்னையோலைக் கீற்றை மடித்து மடித்துக் குறித்துக்கொள்ளும் வழக்கம் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் இன்றும் உண்டு. மெழுகுருவின் மேல் முதலில் மெல்லிய வண்டல் மண்ணும் பிறகு கரடுமுரடான மண்ணும் பூசி உலர்த்திச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் புகும். ஆறிய பின் மண்கூட்டை உடைத்தே உருவத்தை எடுக்க முடியும் என்பதால், ஒரு கூட்டிலிருந்து ஓர் உருவமே கிட்டும். சோழர் காலத்து ஸ்தபதிகள் நுண்வேலையில் பெரும்பகுதியை மெழுகிலேயே முடித்துவிட்டனர் என்றும், பிற்காலத்தில்தான் வார்ப்புக்குப் பிந்தைய உளிவேலை மிகுந்தது என்றும் கலை வரலாற்றாசிரியர் கருதுவர். அதாவது, உலோகத்தில் நாம் காணும் நெகிழ்வு மெழுகுக்கு உரியது. பொருளொன்றில் கற்றது வேறொரு பொருளில் உறைந்து நிற்கிறது. செப்பேட்டின் வளையத்தையும் முத்திரையையும் கவனித்தால் இவ்விரு தொழில்களும் ஒரே ஆவணத்தில் சந்திப்பதையும் காணலாம்: ஏடு அடித்து வெட்டியது, முத்திரை வார்த்தது.

இங்குப் பிரெஞ்சுச் சிற்பி ரொதேனைப் பற்றி ஒரு சொல். நடராசர் பற்றி அவர் 1913-இல் எழுதிய கட்டுரை, அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1921-இல் பாரிசில் அச்சேறியது. தமிழகத்தில் அக்கட்டுரையைப் புகழாதார் இல்லை. மேனாட்டு மேதை ஒருவர் நம் சிற்பத்தைப் போற்றினார் என்ற பெருமிதத்தில் நாம் கவனிக்கத் தவறும் செய்தி, அவர் திருவாலங்காட்டு நடராசரை நேரில் கண்டதில்லை என்பது. கோலுபேவ் என்பவர் அளித்த நிழற்படங்களைப் பார்த்தே எழுதினார். ஆகவே அவர் பேசுவதெல்லாம் படத்தில் விழுந்த ஒளியையும் நிழலையும் பற்றியே. அவர் களிமண்ணில் வனைபவர். களிமண் சாந்துப் படிவமாகி, வார்ப்புப் பட்டறைக்காரர் கையில் வெண்கலமாகும். மெழுகைத் தம் கையாலேயே முடித்து, மண் பூசி, உலோகம் ஊற்றும் ஸ்தபதியின் தொடர்ச்சி அவருடைய முறையில் இல்லை. அவருடைய கட்டுரை அழகானதே. ஆயினும் ஒரு பொருளில் தேர்ந்த கண், மற்றொரு பொருளில் ஆனதைத் தன் பொருளின் மொழியிலேயே வாசிக்கும் என்பதற்கு அது சான்று. கலைக்கூடத்தில் தொடக்க மாணவனுக்குப் பல பொருள்களைத் தொடக் கற்பிப்பதன் தேவை இங்கேதான் புலப்படுகிறது. எல்லாவற்றிலும் வல்லவனாவதற்காக அவன் அவற்றைப் பயில்வதில்லை. தன் பொருளின் எல்லையை அறிவதற்காகவே பயில்கிறான்.

இக்கல்விமுறைக்கு மேனாட்டார் கூறும் தொடக்கம், ஜெர்மனியின் வைமார் நகரில் 1919-இல் தோன்றிய பௌஹௌஸ் பள்ளியின் முன்பயிற்சி வகுப்பு. இட்டன் தொடங்கிய அவ்வகுப்பில் பின்னர் ஆல்பர்ஸ் மாணவரிடம் செய்தித்தாளைக் கொடுத்து, வீணாக்காமல் எதையேனும் செய்யச் சொன்னார். காகிதம் எவ்வாறு மடிந்தால் நிற்கும் என்பதே பாடம். சென்னைக்கு இத்தகைய சோதனைகள் அந்நியமல்ல. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் நிறுவிய கலைப்பள்ளி, தொடக்கம் முதலே கைத்தொழிலையும் சேர்த்துக் கற்பித்தது. 1898-இல் அதன் பட்டறையில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். கலைப்பள்ளி ஒன்றின் கூரையின் கீழ் நம் சமையற்கட்டுக்குரிய ஒரு புதிய உலோகம் பழக்கப்பட்டது என்பதைக் கலை வரலாறுகள் ஓர் அடிக்குறிப்பாகவே ஒதுக்கிவிடுகின்றன. நமக்கோ, அப்பள்ளியின் பிற்காலச் சிற்பங்கள் சிலவற்றைவிட இச்செய்தி முக்கியமாகப் படுகிறது.

இன்று பல கலைக் கல்லூரிகளில் முதலாண்டு அடிப்படைப் படிப்பு என்ற பெயரில் நடப்பது குறித்து நமக்கு மனக்குறை உண்டு. களிமண்ணுக்குச் சில வாரம், அச்சுக்குச் சில வாரம், துணிச்சாயத்துக்குச் சில வாரம் என்று பொருள்கள் மாறுகின்றன. ஆனால் மாணவன் முதலில் தாளில் வரைந்த அதே வடிவத்தைத்தான் ஒவ்வொன்றிலும் பெயர்த்து வைக்கிறான். களிமண்ணில் செய்தாலும் மரத்தில் செய்தாலும் அது பென்சில் கோடாகவே இருக்கிறது. பொருள் அவனிடம் ‘முடியாது’ என்று சொல்லும் வரை காத்திருக்க அட்டவணையில் இடமில்லை.

ஒரு பொருளோடு நெடுங்காலம் இருப்பதென்றால் என்ன என்பதை நம் மரபு நன்கறியும். கி.பி. 940-இல் மறைந்த இப்னு முக்லா, நாணற் பேனா தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அலகாகக் கொண்டு அரபு எழுத்துகளின் அளவுகளை வகுத்தார் என்பர். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி என்னும்போது, அளவுகோல் பேனாவின் வெட்டிலிருந்தே பிறக்கிறது. பேனாவைச் சீவத் தெரியாதவனுக்கு அளவும் இல்லை. அவருக்குப் பின் வந்த இப்னுல் பவ்வாப், பக்தாதில் ஹிஜ்ரி 391-இல் எழுதிய குர்ஆன் பிரதி டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அவர் மறைந்தது 1022-இல். திருவாலங்காட்டுக் கொடை வழங்கப்பட்ட அதே காலத்தில் பக்தாதில் ஒரு முதியவர் நாணலைச் சீவிக்கொண்டிருந்தார். வீடுகளுக்கு வண்ணம் தீட்டுபவராகத் தொடங்கி, நூல்களை அணிசெய்பவராகி, அதன் பின்னரே அவர் எழுத்துக் கலைஞரானார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சுவர், பொன் தூள், மை என மூன்று பொருள்களைக் கடந்து வந்த கை அது. விளக்குக் கரியையும் பிசினையும் கலந்து மை காய்ச்சுதல், முட்டை வெண்கருவும் படிகாரமும் பூசிய தாளைக் கல்லால் தேய்த்து மெருகேற்றுதல் ஆகியவையெல்லாம் அப்பயிற்சியின் பகுதிகள். இன்று நம் அரபிக் கல்லூரிகளில் எழுத்தழகு என்பது பெரும்பாலும் பந்துமுனைப் பேனாவோடும் கணினி எழுத்துருவோடும் முடிந்துவிடுகிறது. உருவம் கூடாது என்று ஓவியத்தை விலக்கிய நாம், விலக்கத் தேவையில்லாத இந்நாணலையும் சேர்த்தே கைவிட்டுவிட்டோம்.

வாழ்வாதாரத்திற்கு ஓவியத்தொழிலையே நம்பியிருந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, எச்சரிக்கையைச் சொன்னதோடு நில்லாமல், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரீயில் பதிவாகியுள்ளது. வந்தவர் ஒரு கைத்தொழிலாளர் என்பதையும், அவர் கைக்கு வேலை வேண்டும் என்பதையும் அவ்விடை மறக்கவில்லை. நம் பிள்ளைக்குக் கலைக்கூடத்தின் கதவை அடைக்கும் பெரியவர்கள் இந்தப் பின்பாதியை ஏன் சொல்வதில்லை என்பது நமக்கு விளங்கவில்லை. கதவு முற்றிலும் அடைபட்டிருந்ததும் இல்லை. தமிழகத்தின் அழகன்குளத்தில் 1943-இல் பிறந்த மலேசிய ஓவியர் சையது தாஜுதீன் சென்னையில்தான் கலை பயின்றார்.

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது, ஓவியரும் சிற்பியரும் ‘பாத்திக்’ துணிகளைச் செய்து விற்றே தம் வாழ்க்கையை நடத்தினர். மெழுகு அங்கே மற்றொரு வேடத்தில் வந்தது: சாயம் ஏறாமல் துணியைக் காக்கும் மெழுகு. கைத்தொழில் அவர்களுக்கு இழிவாகவும் இல்லை, வெறும் பிழைப்பாகவும் நிற்கவில்லை. சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் செய்த சிற்பங்களில், வார்ப்பு மரபு விட்டுச்சென்ற கன உருவத்திற்குப் பதிலாகத் தகட்டின் மெல்லிய முகமே பேசுகிறது. நடராசரைக் காட்டிலும் செப்பேட்டுக்கே அவர் உறவினர் என்று நாம் கூறினால் மிகையாகாது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல நம்மால் இயலாது. சாதகக் கட்டங்களையும் எழுத்து போன்ற கீறல்களையும் அவர் திரையில் நிரப்புகிறார், கண்ணுக்கு இனிமைதான். எனினும் எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, வாசிக்க இயலாத அவ்வெழுத்துகள் தூரிகையின் எளிமையில் பிறந்தவையாகத் தோன்றுகின்றன. காஞ்சிபுரத்துப் பொறிப்பாளன் செம்போடு மல்லுக்கட்டிப் பெற்ற உறுதி அக்கோடுகளில் இல்லை.

எழுத்து என்பதே தொடக்க மாணவனுக்குப் பல பொருள்களினூடே கொண்டு செல்லத்தக்க நல்ல பாடம் என்பது நம் கருத்து. ஒரே எழுத்தை நாணலால் தாளிலும், உளியால் செம்பிலும், வெட்டிரும்பால் கல்லிலும் செய்து பார்க்கட்டும். அது எங்கெங்கே மாற மறுக்கிறது, எங்கெங்கே மாறியே தீர்கிறது என்பதைக் கண்டுகொள்வான். காயல்பட்டினத்துக் கல்லறைகளில் அரபு எழுத்து கல்லுக்கேற்பத் தடித்திருப்பதைப் பார்த்தவர்க்கு இது புதிதன்று. பத்தமடையில் நம் பெண்மக்கள் கோரையை நீரில் ஊறவைத்து, நார் நாராகக் கிழித்து, பருத்திப் பாவில் கோத்துத் திருமணப் பாய் நெய்கின்றனர். அதில் மணமக்களின் பெயர்களையும் சேர்த்தே நெய்வதுண்டு. கோரை குறுக்காகவே ஓடும், வளைந்து தராது. ஆகையால் தமிழ் எழுத்தின் சுழிகள் அங்கே படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்குகின்றன. எந்தச் சுழியை எத்தனை கோரையில் முடிப்பது என்பதை நெய்யும் பெண் விரலால் எண்ணிக்கொள்கிறாள்.