தூதும் செய்தியும்: அரசு நிதியில் இயங்கும் அயல்மொழி ஒலிபரப்பு குறித்த ஒரு மதிப்பீடு

திருக்குறளின் பொருட்பாலில் ‘ஒற்றாடல்’, ‘தூது’ என இரு தனி அதிகாரங்கள் உள்ளன. ஒற்றன் தன் வேந்தனுக்கு உண்மையைக் கொணர்பவன். தூதன் வேந்தனின் கருத்தை வேற்று அவையில் உரைப்பவன். இவ்விரு பணிகளையும் வள்ளுவர் ஒன்றாக்கவில்லை. தீவிரவாதம் வேரூன்றிய நிலப்பகுதிகளை நோக்கி வல்லரசுகள் நடத்திவரும் வானொலி, தொலைக்காட்சிச் சேவைகளின் சிக்கலை விளங்கிக்கொள்ள இப்பகுப்பு பெரிதும் துணைசெய்யும். இச்சேவைகளிடம் செய்தியாளர் பணியும் தூதர் பணியும் ஒருங்கே எதிர்பார்க்கப்படுகின்றன. இவற்றுள் எது முதன்மை பெறுகிறது என்பதே அவற்றின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இத்தாலியின் பாரி வானொலி 1934ஆம் ஆண்டு முதல் அரபு மொழியில் பிரிட்டனுக்கு எதிரான பரப்புரையை மேற்கொண்டது. அதற்கு எதிர்வினையாகவே பி.பி.சி. தன் அரபுச் சேவையை 1938 சனவரி 3ஆம் நாள் தொடங்கியது. அதன் முதல் செய்தியறிக்கையிலேயே, பாலத்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி அன்று ஓர் அரபியரைத் தூக்கிலிட்ட செய்தி இடம்பெற்றது. வெளியுறவு அலுவலகம் இதனை விரும்பவில்லை. எனினும், உவப்பற்ற உண்மையை விட்டுவிடுவது தன் கொள்கைக்கு முரணானது என்னும் நிலைப்பாட்டை நிறுவனம் மேற்கொண்டது. படியளப்பவருக்குப் பாதகமான செய்தியையும் சொல்லும் குரலே பிற செய்திகளிலும் நம்பத்தக்கது எனக் கேட்போர் கருதுவர் என்பதற்கு இந்நிகழ்வு முன்சான்றாகும்.

அமெரிக்காவின் குரல் வானொலியின் சாசனம் 1976இல் சட்டமானது. செய்தி துல்லியமாகவும் நடுநிலையாகவும் முழுமையாகவும் இருத்தல் வேண்டும் என்று அது விதிக்கிறது. அமெரிக்க அரசின் கொள்கைகளைத் தெளிவாக எடுத்துரைத்தல் வேண்டும் என்றும் விதிக்கிறது. செய்தியும் தூதும் ஒரே சாசனத்தில் குடியமர்த்தப்பட்டதன் விளைவு 2001 செப்டம்பரில் வெளிப்பட்டது. தாலிபான் தலைவர் முல்லா ஓமரிடம் அவ்வானொலி நேர்காணல் கண்டது. அதை ஒலிபரப்பலாகாது என வெளியுறவுத் துறை வலியுறுத்தியது. செய்தியாளர் பலர் எழுத்து மூலம் கண்டனம் தெரிவித்தனர். இறுதியில் செப்டம்பர் 25ஆம் நாள், பிற தரப்பினரின் கருத்துகளும் அடங்கிய செய்தித் தொகுப்பொன்றில் அந்நேர்காணலின் சில பகுதிகள் ஒலித்தன. வன்முறையாளருக்கு மேடை அமைத்துத் தரலாகாது என்னும் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால், பகைவன் கூறியதை அறியாத மக்களிடம் அதற்கான மறுப்பை மட்டும் கொண்டுசேர்த்தல் இயலுமா என்பதே ஈண்டு எழும் வினா.

2004 பிப்ரவரி 14இல் தொடங்கப்பட்ட அல்ஹுர்ரா அரபுத் தொலைக்காட்சி இதற்கு மாறான படிப்பினையைத் தருகிறது. அதே ஆண்டு மார்ச் 22இல் ஹமாஸ் நிறுவனர் ஷேக் அகமது யாசின் இசுரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டபோது, அரபு அலைவரிசைகள் அச்செய்தியை நேரடியாக வழங்கின. அல்ஹுர்ராவோ சமையல் நிகழ்ச்சியைக் காட்டிக்கொண்டிருந்தது எனப் பலரும் சுட்டினர். பின்னர் 2006இல், ஹிஸ்புல்லா தலைவர் ஹசன் நஸ்ரல்லாவின் உரையை அது ஒளிபரப்பியபோது, அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. செய்தி இயக்குநர் 2007 ஜூனில் பதவி விலகினார். செய்தியைத் தவிர்த்தபோது அரபு மக்கள் நம்பவில்லை. செய்தியை வழங்கியபோது நிதியளித்தோர் பொறுக்கவில்லை. இரு தவறுகளையும் அல்ஹுர்ராவின் தலையில் மட்டுமே சுமத்துதல் நேர்மையாகாது. அதன் செய்தியாளர் ஒருவர் தம் மூன்று வயது மகனுடன் 2005 பிப்ரவரியில் பஸ்ராவில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் இவண் நினைவுகூர்தல் வேண்டும்.

அவ்வாறாயின் இத்தகைய சேவைகள் வேண்டாதவையா? பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் மௌலானா ஃபஸ்லுல்லா சட்டவிரோதமான ஒரு பண்பலை நிலையத்தின் வழியே மக்களைத் தம்பால் ஈர்த்தார். பெருஞ்செலவு ஏதுமின்றி, வீட்டுப் பேச்சான பஷ்தோவில் ஒலித்தமையே அதன் வலிமை. 2010இல் தொடங்கப்பட்ட மஷால் வானொலி அதே மொழியில், அப்பகுதி மக்களின் அன்றாடச் சிக்கல்களைப் பேசியது. 2018 சனவரியில் அதன் இஸ்லாமாபாத் அலுவலகத்தைப் பாகிஸ்தான் அரசு மூடியது. தாய்மொழியில் வரும் செய்தியைத் தீவிரவாதிகள் மட்டுமல்லர், அரசுகளும் அஞ்சுகின்றன என்பது இதனால் பெறப்படும்.

தமிழர்க்கு இது புதிதன்று. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை, இலங்கைப் போர்க்காலத்தில் பல தரப்பினராலும் கேட்கப்பட்டது. பல தரப்பினராலும் குறைகூறவும் பட்டது. 2009 பிப்ரவரியில், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நிகழ்ச்சிகளில் குறுக்கிட்டதைக் காரணங்காட்டிப் பி.பி.சி. அதற்கான பண்பலைச் சேவையை நிறுத்தியது. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் முடிவுற்றது.

2023 சனவரியில் பி.பி.சி. அரபு வானொலி ஓய்ந்தது. 2025 மார்ச் 14இல் பிறந்த அதிபர் ஆணையை அடுத்து அமெரிக்காவின் குரல் பணியாளர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டனர். அடுத்த மாதம் அல்ஹுர்ராவின் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நின்றது. பரப்புரைக் கருவிகள் ஒழிந்தன என மகிழ்வோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். இச்சேவைகளில் தூதும் இருந்தது, செய்தியும் இருந்தது. தூதுரைக்க அரசுகளுக்கு வேறு வழிகள் உண்டு. வேறு வழியற்றோர், தம் மொழியில் செய்தியை எதிர்நோக்கியிருந்த மக்களே. ஆகவே இச்சேவைகளை மதிப்பிடுவோர், யார் பணம் கொடுத்தார் என்னும் வினாவோடு நின்றுவிடலாகாது. பணம் கொடுத்தவருக்கு எதிரான செய்தி எத்தனை முறை ஒலித்தது என்றும் வினவுதல் வேண்டும். நம் வகுப்பறைகளில் ஊடகத்தமிழ் பயிலும் மாணவர்க்கு முதலில் கற்பிக்கத்தக்கது இவ்விரண்டாம் வினாவே எனலாம்.