விளியின் மதிப்பும் வட்டாரப் புனைகதையும்

ஒருவரை உயர்த்துதற்பொருட்டுப் பன்மையாற் கூறுதல் வழக்கிற்கு உரியதே, இலக்கண முறைமையன்று என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் துணிபு. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்னும் காரணங்களால் திணையும் பாலும் மயங்கி வருதலை நன்னூலாரும் உடன்பட்டார். மதிப்பும் அன்பும் சொல்வடிவில் மட்டும் அமைவன அல்ல. சொல்வோர் உள்ளத்தையும் வழங்கும் சூழலையும் பற்றி நிற்பன என்பதை இவற்றால் அறியலாம். வட்டாரப் புனைகதைகளை ஆராயுங்கால் இவ்வுண்மை பெரிதும் நெகிழவிடப்படுகின்றது என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

பொருள் வேறுபாடு முதற்கண் நோக்கற்பாலது. 'ஆச்சி' என்பது நெல்லையிற் பாட்டியைக் குறிக்கும். செட்டிநாட்டில் தமக்கைக்கும், மணமான மகளிர்க்கும் உரிய மதிப்புச் சொல்லாகும். 'அப்பச்சி' செட்டிநாட்டில் தந்தை. சிறிது திரிந்த வடிவிற் கொங்குநாட்டில் தாயைப் பெற்ற பாட்டன். இவ்வகை வேறுபாடுகளை அருஞ்சொற்பொருள் கொண்டு தெளியலாம். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) போல்வன இத்துறையிற் பெருந்துணை புரிவன.

மதிப்பு வேறுபாடோ அகராதிக்கு எளிதில் அகப்படாதது. நெல்லையில் நண்பர் இருவர் தம்முள் வழங்கும் 'லே' என்னும் விளி, பிற வட்டாரத்தார் செவிக்கு வசையாகத் தோன்றும். யாழ்ப்பாணத்தில் 'நீர்' என்பது 'நீ' என்பதற்கு மேலும் 'நீங்கள்' என்பதற்குக் கீழும் நிற்கும் இடைநிலை. ஒத்த வயதினரிடையேயும், கணவன் மனைவியை விளிக்கும்போதும் இயல்பாக வருவது. தமிழகத்துப் படிப்பாளர் இதனைப் பழம்புராண நடை என்றோ உறவின் இறுக்கம் என்றோ கொள்ளக்கூடும். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) முதலாகப் புனைகதை கண்ட கொங்குநாட்டில், சொல்தோறும் இணையும் 'ங்க' ஒத்தாரிடையேயும் வழங்கும் பொது நாகரிகம். அதனைப் பணிவு என்று கொள்வார், பாத்திரத்தின் நிமிர்ந்த இயல்பையே தவறவிடுவர். தம் ஊர் அளவுகோலால் பிறர் ஊரை அளத்தலே இப்பிழைகட்கெல்லாம் வேர்.

இதற்கு எதிர்ப்பிழையும் ஒன்று உண்டு. வட்டார வழக்கு என்று அறிந்த அளவிலே, எல்லா விளியையும் மண்ணின் மணம் எனப் பாராட்டி அமைதலே அது. கொங்குநாட்டுப் பாட்டி பேரனைச் 'சாமி' என்று கொஞ்சுகின்றாள். பண்ணையாள் நிலமுடையவனையும் 'சாமி' என்றே விளிக்கின்றான். சொல் ஒன்று, வட்டாரமும் ஒன்று. எனினும் முன்னது அன்பு; பின்னது அடக்கம். வட்டாரத்தை மட்டும் அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.

இதனைத் துணிதற்கு இரண்டு வினாக்கள் போதுமென்பது எம் கருத்து. ஒன்று, விளிக்கப்பட்டவர் அச்சொல்லைத் திருப்பி வழங்க இயலுமா? மற்றொன்று, விளிப்பவர் அதனைச் சொல்லாது விட இயலுமா? நண்பரிடையே 'லே' திரும்பி வரும். மேலிருந்து கூலியாளை நோக்கி வரும் 'லே' திரும்பாது. பேரன்மேற் சினந்த பாட்டி 'சாமி' என்பதை விட்டுவிடலாம். பண்ணையாள் விட்டால் வாழ்வே இடர்ப்படும். கொங்கு வட்டாரத்துப் பண்ணையச் சிறுவர்களைப் பற்றிய பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000), யாழ்ப்பாணச் சாதி ஒடுக்குமுறையைப் பொருளாகக் கொண்ட கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) போன்ற நாவல்களை இவ்வினாக்களோடு பயிலுதல் வேண்டும். சிறுவர் தம்முள் விளிப்பதும் உடையவரை விளிப்பதும் ஒரு நிலையின அல்ல என்பது அப்போது விளங்கும்.

ஆய்வு மாணவர்க்கு யாம் கூறுவது இது: ஒரு நாவலில் யார் யாரை எவ்வாறு விளிக்கின்றனர், அவ்விளி எவ்விடத்து மாறுகின்றது என்று முதலில் நிரல்படுத்துக. 'நீங்கள்' என்றவர் 'நீ' என்னும் இடத்திலும், வழக்கமான கொஞ்சுமொழி வாராதொழியும் இடத்திலும் கதையின் திருப்பம் பெரும்பாலும் ஒளிந்துகிடக்கும். வட்டாரத்துக்கு ஏற்பச் செவியைப் பழக்குதல் திறனாய்வின் தொடக்கமேயன்றி முடிவன்று. பழகிய செவி, அன்பையும் அச்சத்தையும் பிரித்துக் கேட்கும் ஆற்றலையும் பெறுதல் வேண்டும்.