நாகமும் வங்கமும்: உலோக மருந்துப் பெயர்களும் பதிப்பியல் பொறுப்பும்

முன்னுரை

தமிழ் மருத்துவ நூல்கள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் காலம், ஆசிரியர், தத்துவப் பின்புலம் ஆகியவற்றை மையமாகக் கொண்டுள்ளன. அந்நூல்களில் பயிலும் பொருட்பெயர்கள் இன்றும் நோயாளியால் உட்கொள்ளப்படும் பொருள்களைச் சுட்டுவன என்பது போதிய கவனம் பெறவில்லை. உலோகம், கனிமம், மூலிகை ஆகியன சேர்ந்த மருந்துகளின் பெயர்கள், ஆயுர்வேதத்திலும் சித்த மருத்துவத்திலும் ஒலியால் ஒன்றுபட்டுப் பொருளால் வேறுபடுவது உண்டு. அவ்வேறுபாட்டையும், அதனால் பதிப்பாசிரியர்க்கு நேரும் பொறுப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மரபுகள் சந்திக்கும் களம்

இச்சிக்கலை எண்ணிப் பார்க்கப் பெங்களூரு பொருத்தமான களமாகும். தன்வந்திரி சாலையில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 1930இல் டேராடூனில் தொடங்கிய ஹிமாலயா நிறுவனம் 1975இல் இந்நகரில் ஆலை நிறுவியது. 1955இல் அது அறிமுகப்படுத்திய லிவ்.52 மாத்திரையில் மூலிகைகளோடு மண்டூர பற்பமும் சேர்கிறது. எம்.எஸ். வலியத்தான் எழுதிய ஆயுர்வேத உயிரியல் பற்றிய தொலைநோக்கு ஆவணத்தை 2006இல் வெளியிட்டது இங்குள்ள இந்திய அறிவியல் அகாதமியே. தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் இத்தகைய நகரில், ஒரு மரபில் எழுதப்பட்ட மருந்துப் பெயரை வேறொரு மரபில் பழகியவர் படிக்க நேர்வது இயல்பு.

ஒரு பெயர், இரண்டு உலோகங்கள்

நாகம் என்னும் சொல் தமிழ் இலக்கியத்தில் பாம்பு, யானை, மரம் எனப் பல பொருள்களில் வருவதை அறிஞர் அறிவர். மருத்துவ வழக்கில் அது உலோகப் பெயராகும். சித்த மருத்துவத்தில் நாக பற்பம், நாகச் செந்தூரம் என்பன துத்தநாகத்தால் ஆனவை. ஆயுர்வேத ரசநூல்களிலோ நாகம் என்பது காரீயம். அங்கு நாக பஸ்மம் ஈயத்தால் ஆன மருந்து. துத்தநாகத்துக்கு அந்நூல்கள் வழங்கும் பெயர் யசதம். துத்தநாகம் என்னும் கூட்டுப்பெயரின் முன்பகுதி மறைந்து நாகம் எனத் தமிழில் நின்றது எனக் கருத இடமுண்டு.

வங்கமும் இவ்வாறே. ஆயுர்வேதத்தில் வங்க பஸ்மம் வெள்ளீயத்தால் ஆனது. தமிழில் வங்கம் ஈயம், வெள்ளீயம் ஆகிய இரண்டையும் சுட்டும். ஆதலின் கருவங்கம், வெள்வங்கம் என அடைகொடுத்து வேறுபடுத்தும் வழக்கு எழுந்தது. அடை விடுபட்ட இடத்தில் பொருள் ஐயத்துக்கு உள்ளாகிறது. பற்பம், பஸ்மம் ஆகிய இரண்டும் ஒரே சொல்லின் வடிவங்களாதலின், மருந்தின் இறுதிச்சொல்லும் மரபைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இலக்கியப் பனுவலில் இத்தகைய மயக்கம் உரை வேறுபாடாக முடியும். மருந்துப் பனுவலில் அது உடலில் முடிகிறது. துத்தநாகம் சிறிதளவில் உடலுக்கு இன்றியமையாதது. ஈயத்துக்கோ தீங்கற்றது எனக் கூறத்தக்க அளவே அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

புடமும் சோதனையும்

சுத்தி செய்தல், மூலிகைச் சாறு விட்டு அரைத்தல், வில்லை தட்டி உலர்த்தல், அகலில் இட்டுச் சீலைமண் செய்தல், வறட்டி அடுக்கிப் புடமிடல் என்னும் படிநிலைகளை நூல்கள் வகுக்கின்றன. சுத்தி செய்யாத உலோகம் தீங்கு தரும் என்பது இரு மரபுகளுக்கும் உடன்பாடு. முடிந்த பற்பம் ஒளியற்றிருத்தல், விரல் ரேகையில் படிதல், நீரில் மிதத்தல், மீண்டும் உலோகமாகாமை ஆகிய சோதனைகளால் அறியப்படுகிறது.

இச்சோதனைகள் நுட்பமானவை என்பதில் ஐயமில்லை. எனினும் அவை பற்பம் முற்றியதா என்பதையே உணர்த்துகின்றன; அதன் மூல உலோகம் எது என்பதை உணர்த்துவதில்லை. நன்கு முடிந்த ஈயப் பற்பமும் நன்கு முடிந்த துத்தநாகப் பற்பமும் இவற்றில் ஒருங்கே தேறலாம். புடம் உலோகத்தைச் சேர்மமாக மாற்றும்; ஈயத்தை ஈயமல்லாததாக மாற்றாது. ஆகவே பெயரில் நேர்ந்த பிழையைச் செய்முறை திருத்தும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததாக ஆய்வொன்று தெரிவித்தது. 2008இல் இணையவழி வாங்கிய 193 மருந்துகளை ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் அவை காணப்பட்டன. இதனையொட்டி, மரபு முழுவதும் நஞ்சு என்பாரும், பற்பமே பழந்தமிழரின் நானோ தொழில்நுட்பம் என்பாரும் எனக் கருத்துகள் இரு முனைகளில் நின்றன. எப்பெயர் எப்பொருளைச் சுட்டியது என்னும் அடிப்படை வினாவை இரு சாராரும் கடந்து சென்றனர் எனலாம்.

நூற்பெயரும் பனுவலும்

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940இன் முதல் அட்டவணை, மருந்து செய்தற்கு ஆதாரமான நூல்களைப் பட்டியலிடுகிறது. ஆயுர்வேதப் பகுதியில் ரசதரங்கிணி, ரசரத்ன சமுச்சயம் போன்றனவும், சித்த மருத்துவப் பகுதியில் போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் செந்தூரம் 300 போன்றனவும் இடம்பெறுகின்றன. சட்டம் ஏற்பது நூற்பெயரை. ஆனால் ஏட்டுக்கு ஏடும் அச்சுக்கு அச்சும் பாடம் வேறுபடும் மரபில், நூற்பெயரும் பனுவலும் ஒன்றல்ல என்பதைத் தமிழ்ப் பதிப்பியல் நன்கறியும். சங்கப் பாடலின் ஓர் அசைக்குப் பாடவேறுபாடு காட்டிய அத்துறை, எடையளவும் புட எண்ணிக்கையும் கூறும் செய்யுள்களுக்கு அதே உழைப்பை இன்னும் நல்கவில்லை.

குருமரபில் பயின்ற மருத்துவர் பெயரால் மயங்கார் என்பது இதற்கு மறுப்பாகக் கூறப்படலாம். மரபின் எல்லைக்குள் அது உண்மையே. எனினும் இன்று மருந்து அவ்வெல்லையைக் கடந்து கடைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அயல்நாட்டுக்கும் செல்கிறது. அதனுடன் செல்வது குருவின் விளக்கம் அன்று, பெயர் மட்டுமே.

முடிவுரை

சென்னைக் காவல்துறையில் பணியாற்றிய டி.வி. சாம்பசிவம் பிள்ளை தனி ஒருவராய் மருத்துவப் பேரகராதி தொகுக்க முனைந்தது இத்துறைக்கு அடித்தளமிட்டது. 1993இல் பெங்களூருவில் தொடங்கிய மரபு மருத்துவ ஆய்வு அமைப்பு, மூலிகைகளின் வட்டார வழக்குப் பெயர்களையும் நூல்வழக்குப் பெயர்களையும் தாவரவியற் பெயர்களோடு இணைத்துத் தரவுத்தளம் உருவாக்கியது. இவ்விரு முயற்சிகளின் வழியில், உலோக, கனிமப் பெயர்களுக்கு மரபு, நூல், இடம் சுட்டிய சொல்லடைவு உருவாதல் வேண்டும். பாடவேறுபாடுகளுடன் கூடிய செம்பதிப்பில், நாகம் என வரும் ஒவ்வோரிடத்திலும் அது எந்த உலோகம் என்பதும், துணியவியலாத இடம் எது என்பதும் வெளிப்படையாகக் குறிக்கப்படல் வேண்டும். இவை மருத்துவரும் வேதியியலாரும் உடனிருந்து செய்யத்தக்க பணிகளே; ஆயினும் சொல்லின் பொருளைத் துணிதல் தமிழாய்வாளரின் கடமையாகும். அக்கடமை நிறைவேறாதவரை ஆய்வுக்கூடத்தின் அளவீடும் ஐயத்துக்குரிய பெயரின்மீதே நிற்கும்.