‘அண்டர் அவர் ஸ்கின்’: உண்ணி, டெஸ்ட், ஒரு நீண்ட பட்டியல்

லைம் நோய் பற்றிப் பேச்சு வந்தால் போதும், யாராவது ஒருத்தர் “முதல்ல அண்டர் அவர் ஸ்கின் பாருங்க” என்று சொல்லிவிடுவார். ஆண்டி ஆப்ரஹாம்ஸ் வில்சன் இயக்கி 2008ல் வந்த ஆவணப்படம். ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவில் முதல் சுற்றில் தேர்வான 15 படங்களில் இதுவும் ஒன்று. இரண்டு முறை பார்த்தேன். நல்லா எடுத்த படம்தான். நல்லா எடுத்திருப்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: லைம் என்பது அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் ஒரு ஊர். அந்தப் பக்கத்துக் காடுகளில் மான் உண்ணி உண்டு. அதன் இளம் பருவ உண்ணி கசகசா அளவுதான். கடித்தால் வலிக்காது, பலருக்குக் கடித்ததே தெரியாது. அதன் வழியாகப் பொரீலியா என்ற சுருள் வடிவ பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. சில நாளிலோ வாரங்களிலோ கடித்த இடத்தைச் சுற்றித் தோல் சிவந்து பரவும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முகவாதம் வரும், சிலருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும், சில மாதம் கழித்து முழங்கால் வீங்கும். அதாவது ஒரே கிருமிக்காக ஒரு ஆள் தோல், நரம்பு, இதயம், மூட்டு என்று நாலு டாக்டரைப் பார்க்க வேண்டிவரும். நாலு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதில்லை.

படத்தின் பலம் இங்கேதான். டாக்டர் டாக்டராக அலைந்து, கடைசியில் “எல்லாம் உங்க மனப்பிரமை” என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தவர்களின் முகத்தைக் கேமரா பொறுமையாகப் பார்க்கிறது. அந்த வேதனை நடிப்பு இல்லை. சிவந்த தடிப்பு விஷயத்திலும் நோயாளிகளின் கோபத்துக்கு நியாயம் உண்டு. வில்வித்தைப் பலகை மாதிரி வளையம் வளையமாக இருக்கும் என்று எல்லார் மனதிலும் ஒரு படம் பதிந்துவிட்டது. நிஜத்தில் அமெரிக்க நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு வளையமே இருக்காது, ஒரே சீரான சிவப்புதான். தடிப்பே வராதவர்களும் உண்டு.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. “டெஸ்டை நம்ப முடியாது” என்ற எண்ணத்தோடுதான் நாம் படத்திலிருந்து வெளியே வருகிறோம். இதில் பாதி உண்மை. டெஸ்ட் தேடுவது கிருமியை இல்லை, கிருமிக்கு எதிராக நம் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியை. அது உருவாகச் சில வாரம் ஆகும். தடிப்பு வந்த புதிதில் டெஸ்ட் எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ‘இல்லை’ என்றுதான் வரும். அதனால்தான் அந்தக் கட்டத்தில் தடிப்பைப் பார்த்தே மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனா மாதங்கள் கழிந்து மூட்டு வீங்கிய ஒருவருக்கு அதே டெஸ்ட் கிட்டத்தட்டத் தவறாமல் ‘ஆம்’ சொல்லும். முதல் வாரத்துக் குறையைத் தூக்கி ஐந்தாவது வருடத்தின் மேல் வைத்தால், டெஸ்ட் ‘இல்லை’ என்று சொன்ன எந்த நோயையும் லைம் என்று சொல்லிவிடலாம். படம் இந்த இரண்டு காலங்களையும் பிரித்துக் காட்டவே இல்லை. என் முக்கியமான புகார் இதுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கு. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு டெஸ்ட் நோயில்லாத நூறு பேரில் இரண்டு பேருக்குத் தப்பாக ‘ஆம்’ சொல்கிறது. மான் உண்ணியே இல்லாத ஊரில் ஆயிரம் பேருக்கு அதை எடுத்தால் இருபது பேர் லைம் நோயாளி ஆகிவிடுவார்கள், ஒருத்தருக்கும் லைம் இல்லாமலே!

இப்போ சிகிச்சைக்கு வருவோம். மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டு எழுந்து நடப்பவர்களைப் படம் காட்டுகிறது. பார்க்கும்போது மனசு இளகும். ஆனா படம் வருவதற்கு ஏழு வருடம் முன்னாடியே, 2001ல், கிளெம்ப்னர் குழுவின் ஆய்வு வெளியாகிவிட்டது. லைமுக்குச் சிகிச்சை எடுத்த பிறகும் தொந்தரவு தீராத 129 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு 30 நாள் ஊசி வழியாகவும் 60 நாள் மாத்திரையாகவும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்து மாதிரியே இருக்கும் வெறும் திரவமும் மாத்திரையும். ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தவர்களில், மருந்து எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். வெறும் மாத்திரை எடுத்தவர்களில்? 40 சதவீதம்.

இந்த எண்களோடு படத்தை மறுபடி பார்த்தால் வேற மாதிரி தெரியும். அந்த 40 சதவீதம் பேரின் பின்னால் கேமரா போயிருந்தாலும் இதே மாதிரி கண்ணீர் வரவழைக்கும் காட்சி கிடைத்திருக்கும். அவர்கள் சொன்னதும் பொய் இல்லை. நிஜமாகவே தேறினார்கள். எது தேற்றியது என்பதைத்தான் கேமராவால் சொல்ல முடியாது. நீண்ட நாள் ஊசிக்குழாய் போட்டுவைப்பது சும்மா இல்லை என்பதும் சேர்த்தி. அதனால் கடுமையான தொற்று வந்த ஐந்து நோயாளிகளைப் பற்றி அமெரிக்க சிடிசி 2017ல் அறிக்கை வெளியிட்டது.

படத்துக்கு எதிரே நான் வைத்துப் பார்ப்பது பாலி மர்ரேயை. லைம் ஊர்க்காரர், குடும்பத்தலைவி. அவரையும் டாக்டர்கள் மனநோய் என்று சந்தேகித்தார்கள். தன் கதையை 1996ல் ‘தி வைடனிங் சர்க்கிள்’ என்று புத்தகமாக எழுதினார். அவரும் பட்டியல் போட்டவர்தான். ஆனா அவர் பட்டியலில் அறிகுறிகளோடு அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் இருந்தார்கள். யாருக்கு, எங்கே, எப்போது. 1975ல் அவரும் இன்னொரு தாயும் மாநிலச் சுகாதாரத் துறையிடம் போனார்கள். அதைத் தொடர்ந்துதான் யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டியர் அங்கே வந்தார். அவர் குழு 1977ல் வெளியிட்ட கட்டுரையில் 51 பேர்: 39 குழந்தைகள், 12 பெரியவர்கள். பெரும்பாலும் காட்டை ஒட்டிய வீடுகள், நோய் தொடங்கியது அதிகமும் கோடையில். நாலில் ஒருவர் மூட்டு வீங்கும் முன் ஒரு சிவந்த தடிப்பு வந்ததைச் சொன்னார். குழந்தைகளுக்கு வரும் ருமாட்டிக் வாதம் என்று நினைத்தது, ஒரே தெருவில் இத்தனை பேருக்கு எப்படி வரும்? இந்தக் கேள்விதான் உண்ணி வரை கொண்டுபோனது. 1982ல் வில்லி பர்க்டார்ஃபர் அந்த உண்ணிக்குள் பாக்டீரியாவைக் கண்ட செய்தி வெளியானது.

இன்றைக்கு இணையத்தில் சுற்றும் அறிகுறிப் பட்டியல்களில் அசதி, தூக்கமின்மை, மறதி, கழுத்துவலி எல்லாம் இருக்கும். ஊரும் மாதமும் இருக்காது. அந்தப் பட்டியலில் டிக் போட்டுப் பாருங்க, எனக்கே பாதி வருது.

நம்ம பக்கத்திலும் ஊரும் மாதமும்தான் துப்பு. 1957ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததையும் மக்களுக்குக் காய்ச்சல் வந்ததையும் சேர்த்துப் பார்த்துத்தான் உண்ணி வழி வைரஸைப் பிடித்தார்கள். (நம்ம பத்திரிகைகள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸை. அதைப் பரப்புவது உண்ணியின் ஒன்றுவிட்ட உறவான ஒரு குட்டிப் பூச்சி. பேர்க்குழப்பம் தனிக்கதை.)

லைம் என்ற ஒரே குடைக்குள் எல்லாவற்றையும் அடக்குவதில் இன்னொரு ஆபத்து. அதே மான் உண்ணி பபீசியாவையும் கொண்டுவரும். அது மலேரியா மாதிரி சிவப்பணுவுக்குள் குடியேறும் ஒட்டுண்ணி. ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே கண்டுபிடிக்கலாம். லைமுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் அதை ஒன்றும் செய்யாது. நாய் உண்ணி கொண்டுவரும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலோ சில நாளில் ஆளையே கொல்லக்கூடியது. அதிலும் முதல் வாரத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் காட்டும். தோலில் புள்ளி வரும்வரை காத்திருந்தாலும் தாமதம்தான். அங்கே சந்தேகம் வந்த அன்றைக்கே, டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் தொடங்க வேண்டும், ஐந்து நாளுக்குள் தொடங்கினால் நல்லது என்கிறது சிடிசி. “டெஸ்டை நம்பி உட்காராதீங்க” என்று ஒரு படம் எடுப்பதானால் இந்தக் காய்ச்சலுக்கு எடுத்திருக்கலாம். இதுவரை அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை.