கடைசி அலைக்கும் கரைக்கும் நடுவே

பழவேற்காட்டு முகத்துவாரத்தில், கடலிலிருந்து ஏரிக்குள் நுழையும் படகு நேரே உள்ளே வருவதில்லை. அலை உடையும் இடத்துக்கு வெளியே எஞ்சினை அடக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் நிற்பவர் கரையைப் பார்ப்பதில்லை; கழுத்தைத் திருப்பி, முதுகுக்குப் பின்னால் எழும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். "பெரிசு பெரிசா மூணு வரும் தம்பி, அப்புறம் கொஞ்சம் அடங்கும். அந்த எடையில பூந்துடணும்" என்று வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். இந்த வாரம் மணல் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று தெரியாதவர் அந்த இடைவெளியில் புகுந்தாலும் படகு தரைதட்டும்.

அன்று மாலையே கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஓர் அறையில் இருந்தேன். அங்கே தங்கியிருக்கும் நால்வரும் வெவ்வேறு ஷிப்ட். நால்வருக்கும் பொதுவாக ஒரே கணினி, அதில் ஒரே ஆட்டம். காலை ஷிப்ட் முடிந்து வருபவர் தன் முறையை ஆடிவிட்டுப் படுப்பார். இரவு ஷிப்ட் போகிறவர் தன் முறையை ஆடிவிட்டுக் கிளம்புவார். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டிய தேவை இல்லாததால், முறைவழி வியூக விளையாட்டு ஆலைத் தொழிலாளியின் நாளுக்கு அத்தனை பொருத்தமாக அமைந்துவிடுகிறது. அன்றைக்கு ஒருவர் கடல் தாண்டி மூன்று படைப்பிரிவுகளை எதிரியின் கரையில் இறக்கினார். ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். காலையில் பார்த்த படகோட்டியின் திரும்பிய கழுத்து என் நினைவை விட்டுப் போகவில்லை.

இவ்வகை விளையாட்டுகள் கப்பலோடு கப்பல் மோதுவதற்குச் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கடலும் கரையும் சந்திக்கும் அந்தக் கோட்டுக்குத் தரவில்லை. கடற்போரின் உயிர் இருப்பது அந்தக் கோட்டில்தான் என்பது என் துணிபு.

நம் சதுரங்கத்தின் நால்வகைப் படையில் கப்பல் இல்லை. வங்கத்தில் நால்வர் ஆடும் வகையில் தேரின் இடத்தில் படகு வந்தது. தாய்லாந்துச் சதுரங்கத்தில் நம் யானை, அதாவது ரூக், இன்றும் 'படகு' என்றே அழைக்கப்படுகிறது. பெயர்தான் படகு, நகர்வது தரையில். கடலைக் கடலாக நடத்திய முதல் பெரிய பலகை ஆட்டம் என்று நான் கருதுவது ஆலன் கல்ஹாமர் 1959இல் வெளியிட்ட 'டிப்ளமசி'. அதில் கப்பற்படை கடல் பகுதியில் நின்றுகொண்டு, கரையிலிருந்து கரைக்குத் தரைப்படையைக் கடத்திவிடும். நடுவில் அந்தக் கப்பற்படை விரட்டப்பட்டால் படை கிளம்பிய இடத்திலேயே நின்றுவிடும். பகடையும் இல்லை, கணினியும் இல்லை. கடலைக் காப்பவன் சம்மதித்தால்தான் கரையிறக்கம் என்ற உண்மை ஒரே விதியில் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த பல ஆட்டங்கள் இதை மறந்தன.

வால்டர் பிரைட் 1970களில் எழுதிய 'எம்பயர்' கணினி ஆட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கப்பல் ஆறு படைகளைச் சுமக்கும். கப்பல் மூழ்கினால் ஆறும் போகும். அந்த அச்சம்தான் ஆட்டத்தின் சுவை. 1991இல் வந்த முதல் 'சிவிலைசேஷ'னில் பழங்காலக் கப்பல் கரையை விட்டு விலகி முறையை முடித்தால் காணாமல் போகலாம். நான்காம் பதிப்பு வரை படைகளைக் கப்பலில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தச் சிரமம் நீங்கியது: உரிய தொழில்நுட்பம் கைக்கு வந்ததும் காலாட்படை நேரே தண்ணீரில் இறங்கித் தானே படகாகிவிடும். ஆடுவது எளிதானது, படையெடுப்பின் கனம் போனது. 2013இல் வந்த 'ரோம் 2: டோட்டல் வார்' ஆட்டத்திலும் இப்படியே தரைப்படைகள் தாமாகக் கப்பல் ஏறின. அதில் பலர் குறை கண்டார்கள், நியாயமான குறைதான்.

எதிர்த்திசையில் நடந்தவையும் உண்டு. நின்டெண்டோவின் 'அட்வான்ஸ் வார்ஸ்' (2001) சிறுவர் ஆட்டம்போலத் தோன்றும். ஆனால் அதில் இறக்குகப்பல் துறைமுகத்திலோ ஆழம் குறைந்த மணற்கரையிலோதான் படையை இறக்க முடியும். எரிபொருள் தீர்ந்தால் கப்பல் மூழ்கும். 'சிவிலைசேஷன்' ஆறாம் பதிப்பு (2016) சில கரைகளைச் செங்குத்துப் பாறைகளாக்கி, இங்கே இறங்க முடியாது என்றது. சோரன் ஜான்சனின் 'ஓல்டு வேர்ல்டு' ஆட்டத்தில் கப்பல் நங்கூரமிட்டு நின்றால் சுற்றியுள்ள நீர்க்கட்டங்கள் தரைப்படைக்குப் பாலமாகின்றன. கல்ஹாமரின் எண்ணம் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்ததைப் பார்க்கிறேன். இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

இனி நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை, கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரை சேர வேண்டும். ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள் அவை. அலை அறையும்போது பலகை வளைந்துகொடுக்கும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு பிளந்துபோகும். மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர்கள் பனையோலைத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போவார்கள். உலகின் வலிமைமிக்க கடற்படைகள் கடைசி அலைக்கும் கரைக்கும் நடுவே இந்த மீனவர்களின் கையை நம்பியிருந்தன. எந்த வியூக விளையாட்டிலாவது இவர்களுக்கு ஒரு காய் இருக்கிறதா? நான் பார்த்தவற்றில் இல்லை. கரையோர மக்கள் ஒத்துழைத்தால் மூன்று முறையில் முடியும் கரையிறக்கம், அவர்கள் படகுகளை மறைத்துவிட்டால் பத்து முறை இழுக்க வேண்டும். ஒரே ஓர் எண்ணாகவாவது இந்த உறவு ஆட்டத்துக்குள் வந்தால், கைப்பற்றுவதற்கு முன் பேசவேண்டிய தேவையும் உள்ளே வந்துவிடும்.

அடுத்தது காலம். 1612இல் போர்த்துக்கீசியர் சாந்தோமிலிருந்து வந்து பழவேற்காட்டின் டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். அடுத்த ஆண்டே டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடைக்கும் மாதங்களே கோட்டை கட்டும் காலம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னைக்குத் தெற்கே படையை இறக்கி நகரைப் பிடித்தார். புதுச்சேரியிலிருந்து ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களின் செய்திகளை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார். அக்டோபர் 13 இரவு புயல் அடித்தது. நங்கூரத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் மூழ்கின, பாய்மரம் முறிந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எந்த எதிரிக் கப்பலும் அவர்களுக்குச் செய்யாததை வடகிழக்குப் பருவம் ஓர் இரவில் செய்தது.

1782 பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் தொடங்கி, 1783 ஜூனில் கடலூருக்கு அப்பால் முடிய, பிரெஞ்சு சுஃப்ரானும் ஆங்கிலேய ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். ஐந்து மோதலிலும் இரு தரப்பின் பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூடப் பீரங்கியால் மூழ்கவில்லை. விளையாட்டின் கணக்கில் அத்தனையும் வெற்றி தோல்வி இல்லை என்று முடிந்துவிடும். நடந்தது வேறு. முதல் மோதலுக்குப் பின் பிரெஞ்சுப் படை பரங்கிப்பேட்டையில் இறங்கி ஹைதர் அலியோடு சேர்ந்தது. ஆகஸ்டில் சுஃப்ரான் திருகோணமலையைப் பிடித்தார். மழைக்காலம் நெருங்கியதும் ஹியூஸ் பம்பாய்க்கும் சுஃப்ரான் சுமத்ராவின் ஆச்சேவுக்கும் போனார்கள். யாருக்குப் பழுதுபார்க்க இடம் இருக்கிறது, யார் பருவம் மாறுவதற்குள் மீண்டு வருகிறார் என்பதே போட்டி. பெரும்பாலான ஆட்டங்களில் கப்பல் தன் எல்லைக்குள் சும்மா நின்றாலே நலமாகிவிடும். உண்மையில் இன்றும் அப்படியில்லை: 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' கப்பல் பழுதுபார்ப்புக்காக வந்து நின்றது பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள காட்டுப்பள்ளியில்தான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்க வந்தது அதுவே முதன்முறை. பெருங்கடலில் திரிய விரும்பும் எந்தக் கடற்படைக்கும் பிறர் கரையில் ஓர் உலர்துறை வேண்டும்.

சோழர் இல்லாமல் தமிழில் இந்தப் பேச்சு முடியாது. 2025இல் வந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் பதிப்பில் சோழர் கடலோடிகளாக வருகிறார்கள். முறைவழி ஆட்டம் அல்லாத 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இலும் 2022இல் ராஜேந்திரன் பெயரில் ஒரு படையெடுப்புத் தொடர் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் 1025 அளவில் ராஜேந்திரன் நடத்திய கடற்படையெடுப்பின் தனித்தன்மையை விளையாட்டுகள் தொடவில்லை. கடாரமும் ஸ்ரீவிஜயமும் தாக்கப்பட்டன, மன்னன் பிடிபட்டான், செல்வம் வந்தது. ஆனால் அந்த நாடுகள் சோழ மண்டலங்களாக நிலைக்கவில்லை. நகரைப் பிடித்து வைத்துக்கொள்வதையே வெற்றி என்று எண்ணும் ஆட்டத்தில், போய்த் தாக்கித் திரும்பி வணிகவழியைத் தனக்குச் சாதகமாக்கும் படையெடுப்புக்கு இடமே இல்லை.

இறங்கிய பின் என்ன என்ற கேள்வியும் உண்டு. 1991 ஜூலை நடுவில் வெற்றிலைக்கேணிக் கரையில் இறங்கிய இலங்கை ராணுவம், அருகிலிருந்த ஆனையிறவு முகாமை எட்ட ஆகஸ்ட் தொடக்கம் ஆனது. கரையில் பிடித்த ஒரு துண்டு மணலில் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று அங்கே பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்குத் தெரியும். இதைக் கட்டமிட்ட பலகையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அடுத்த முறையே நகரச் சுவரை இடிக்கும் விளையாட்டைவிட, கரையிறங்கிய படை பல முறைகள் பட்டினியும் பாதுகாப்பின்மையுமாகக் கிடக்கும் விளையாட்டே உண்மைக்கு நெருக்கமானது.

இதையெல்லாம் அறை நண்பர்களிடம் சொன்னேன். மென்பொருளை மாற்ற எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு நோட்டில் நாங்களே விதிகள் எழுதினோம். பத்து முறைக்கு இரண்டு முறை பருவமழை. அப்போது துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பலைச் சொந்தக்காரரே கலைத்துவிட வேண்டும். ஆற்று வாயிலோ சொந்தத் துறையிலோ தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. இறங்கிய படை இரண்டு முறை அசையக் கூடாது.

போன வாரம் போனபோது ஆட்டம் எண்பதாவது முறையில் இருந்தது. ரோலிங் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் தம்பியின் ஏழு கப்பல்கள் எதிரிக் கரைக்கு இரண்டு கட்டம் தள்ளி நின்றன. நோட்டின்படி அடுத்த முறை மழை. சீருடையை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தார். கம்பெனிப் பேருந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. ஏழையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் தன் துறைமுகத்துப் பக்கம் நகர்த்திவிட்டு, "மழை விட்டதும் பாத்துக்கலாம்ணே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.