கோலா, பாஸா? 'லுக்கிங் ஃபார் எரிக்' பற்றி ஒரு குறிப்பு

கென் லோச்சின் 'லுக்கிங் ஃபார் எரிக்' படத்தைப் போன வாரம் மறுபடியும் பார்த்தேன். 2009ல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் வந்த படம். திரைக்கதை பால் லாவர்ட்டி. முதல் தடவை விழுந்து விழுந்து சிரிச்சேன். இந்தத் தடவை நடுவில் ஒரு காட்சியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். அது ஏன்னு யோசித்ததுதான் இந்தக் குறிப்பு.

பார்க்காதவர்களுக்காகக் கதை. எரிக் பிஷப் மான்செஸ்டரில் தபால்காரர். ஸ்டீவ் எவெட்ஸ் நடித்திருக்கிறார். ரவுண்டானாவில் தப்பான பக்கம் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காரை மோதுவதில் படம் ஆரம்பிக்கிறது. கைக்குழந்தையோடு இவர் விட்டுவிட்டு வந்த முதல் மனைவி லில்லியை, பல வருஷம் கழித்துச் சந்திக்க வேண்டிய நாள் அது. அதைத் தாங்க முடியவில்லை. இரண்டாவது மனைவியும் போயாச்சு. அவருடைய இரண்டு பையன்கள் மட்டும் இவரோடு இருக்கிறார்கள், மதிப்பதில்லை. ஒரு ராத்திரி, பையன் ஒளித்து வைத்திருந்த கஞ்சாவைப் புகைத்துக்கொண்டே, அறைச் சுவரில் இருக்கும் எரிக் கான்டொனா போஸ்டரிடம் புலம்புகிறார். திரும்பினால் கான்டொனாவே நிற்கிறார். நடித்திருப்பவரும் நிஜக் கான்டொனாதான்.

கால்பந்து பார்க்காதவர்களுக்கு இன்னும் ரெண்டு வரி. 1992 நவம்பரில் லீட்ஸிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் கான்டொனா. அங்கே ஆடிய ஐந்து சீசனில் நான்கு லீக் பட்டம். 1997ல், 30 வயதில், திடீரென்று போதும் என்று போய்விட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் அரசர் மாதிரி.

ஒரு ரசிகனுக்குத் தன் ஆட்டக்காரரோடு தனியாக உட்கார்ந்து பேசக் கிடைத்தால் என்ன கேட்பான்? இந்த எரிக், உன் ஆட்டத்திலேயே உனக்கு இனிப்பான கணம் எது என்று கேட்கிறார். அவரே ஒவ்வொரு கோலாகச் சொல்லிப் பார்க்கிறார். கான்டொனா தலையாட்டுகிறார். அது கோலே இல்லையாம், ஒரு பாஸாம். 1993ல் டாட்டன்ஹாமுக்கு எதிராக டெனிஸ் இர்வினுக்குத் தூக்கிக் கொடுத்தது. இர்வின் கோட்டை விட்டிருந்தால்? கூட ஆடுபவனை நம்பணும், எப்பவும் நம்பணும் என்கிறார் கான்டொனா.

படத்தின் மொத்த விஷயமும் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெரிய பையன் ஒரு ரவுடியின் துப்பாக்கியை வீட்டில் ஒளித்து வைத்து மாட்டிக்கொள்ளும்போது, கான்டொனா வந்து யாரையும் அடிப்பதில்லை. உன் நண்பர்களிடம் சொல்லு என்று தள்ளிவிடுகிறார். மீட்பால்ஸ் என்று பட்டப்பெயர் வைத்த தபால்காரர் (ஜான் ஹென்ஷா, பிரமாதம்) ஆள் திரட்டுகிறார். பஸ் பஸ்ஸாக ரசிகர்கள், எல்லார் முகத்திலும் கான்டொனா முகமூடி. ரவுடி வீட்டுக்குள் புகுந்து அவன் மானத்தை வாங்குகிறார்கள். போஸ்டரில் தனியாக இருந்தவரின் முகம் இப்போ ஒரு கூட்டத்துக்கே முகம். பாஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

லோச் இதைச் சும்மா கனவாக மட்டும் எடுக்கவில்லை. பப்பில் ஒரு சண்டை வருகிறது. 2005ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் யுனைடெட்டை வாங்கியபோது, வெறுத்துப்போன ரசிகர்கள் சேர்ந்து எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு ஓட்டுதான். அதன் ரசிகர் ஒருத்தரும் பழைய கிளப்பை விடாதவர்களும் பப்பில் மோதுகிறார்கள். சிரிப்புக் காட்சிதான், ஆனா அடியில் வலி இருக்கு. இங்கிலாந்தில் 1961 வரை ஆட்டக்காரருக்கு அதிகபட்சச் சம்பள வரம்பு இருந்தது, கடைசியில் வாரம் 20 பவுண்டு. மேட்சுக்குப் போகிற பஸ்ஸிலேயே ஆட்டக்காரரையும் பார்க்கலாம் என்கிற காலம். இன்றைக்குப் பெரிய கிளப் ஆட்டக்காரரோடு ஒரே மேஜையில் உட்காரப் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும். அந்தத் தூரம் இருப்பதால்தான் எரிக்குக்குக் கஞ்சாப் புகை தேவைப்படுகிறது.

இனி நான் எழுந்துபோன காட்சி.

1995 ஜனவரி 25, லண்டன் செல்ஹர்ஸ்ட் பார்க். சிவப்பு அட்டை வாங்கி வெளியே நடந்துகொண்டிருந்த கான்டொனா, தன்னைத் திட்டிய கிரிஸ்டல் பேலஸ் ரசிகர் ஒருத்தரை எகிறி உதைத்தார். செப்டம்பர் முடியும்வரை ஆடத் தடை. நீதிமன்றம் கொடுத்த சிறைத்தண்டனை, மேல்முறையீட்டில் 120 மணி நேரச் சமூக சேவையாக மாறியது. சின்னப் பசங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து அதை முடித்தார். அந்த மாதங்களை எப்படி ஓட்டினார் என்கிற பேச்சு படத்தில் வருகிறது. ட்ரம்பெட் கத்துக்கிட்டேன் என்று சொல்லி, பிரெஞ்சு தேசிய கீதத்தைத் தட்டுத் தடுமாறி வாசிக்கிறார். அழகான காட்சி. படம் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை, மறுபடியும் எரிக்கின் பிரச்சினைக்குப் போய்விடுகிறது.

எனக்கு ஞாபகம் வந்தது வேறு ஒரு ராத்திரி. இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன், ஒரு கிடங்கின் அலுவலகத்தில். அந்த ஊர்க் கிளப் கீழ்நிலை லீகில் ஆடியது. சீசன் முடிந்ததும் மைதானத்தை ஒட்டின ஹாலில் விருந்து வைப்பார்கள். நீள மேஜை, பீர், குலுக்கல் சீட்டு. ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு மேஜையில். எங்கள் மேஜைக்கு வந்தவர் ரைட் பேக். ரெண்டு சீசனா மழையில நின்னு அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கேன். கேட்கறதுக்கு நாலு கேள்வி தயாரா வெச்சிருந்தேன். அவர் முந்திக்கிட்டார். "நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"ன்னார். சொன்னேன். "அங்க ஆள் எடுக்கறாங்களா? காலையிலதான் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த சீசன் நான் இல்ல."

நான் சிரிச்சேன். கிண்டல் பண்றார்னு நினைச்சுட்டேன். அப்புறம் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். ரெண்டு நாள் கழித்து, ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டவர்கள் பட்டியலைக் கிளப் வெளியிட்டது. அவர் பெயர் இல்லை. அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கு. அதுல அவரும் சிரிக்கிறார்.

படத்தின் மேல் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான். பாஸ் எல்லாம் ஒரே திசையில் போகிறது. கான்டொனா கொடுக்கிறார், எரிக் வாங்கிக்கொள்கிறார். போஸ்டரிலிருந்து இறங்கி வந்தவருக்கு எதுவும் தேவைப்படுவதில்லை. இந்தப் படத்துக்கான யோசனையே கான்டொனா பக்கமிருந்து லோச்சுக்கு வந்தது என்பதால் இப்படி ஆனதோ என்று தோன்றுகிறது. தொழிலாளிகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படமெடுத்தவர் லோச். ஆட்டக்காரரும் தினமும் உடம்பைக் கொண்டு பிழைக்கிற ஒரு தொழிலாளிதான் என்பது அவருக்குத் தெரியாததா? ட்ரம்பெட் காட்சியில் அந்தக் கதவு கொஞ்சம் திறக்கிறது. அங்கே எரிக் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நியாயமாகச் சொன்னால், இந்தக் குறையை நான் பார்த்ததே படம் சொல்லிக்கொடுத்த பாடத்தால்தான். கூட இருப்பவனை நம்பி எட்டிய பந்தை அந்த ஹாலில் கோட்டை விட்டது நான். ரைட் பேக் சரியாகத்தான் கொடுத்தார். மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன நஷ்டம்? அந்த மாதம் எங்கள் கிடங்கில் ஆள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

படத்தைக் கட்டாயம் பாருங்க. ட்ரம்பெட் காட்சி வரும்போது ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த இடத்தில் நீங்க இருந்தா என்ன கேட்டிருப்பீங்கன்னு யோசிச்சுட்டு மேலே போங்க.